வாழ்க்கைத் துணைக்குச் சொல்லாத குல ரகசியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஃபேன்டஸி நாவல் எழுத முனையும் இளைஞர்களுக்காகச் சென்ற ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை முழுவதும் படித்தேன். மிகைபுனைவுக்கு ஒரு தமிழ் நாளிதழ் இவ்வளவு இடம் ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. ஆனால் அதில் தரப்பட்டிருந்த ஓர் அறிவுரையை மறுக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. கதையின் நாயகனோ நாயகியோ தான் நாக வம்சத்தில் பிறந்ததையோ, பிறந்த வீட்டின்மேல் ஒரு சாபம் இருப்பதையோ கட்டிய துணையிடம் சொல்லாமல் மறைக்க வேண்டும் என்றும், அந்த உண்மை எவ்வளவு பிந்தி உடைகிறதோ அவ்வளவுக்குக் கதை சுவைக்கும் என்றும், அன்பினால்தான் மறைத்தார் என்று ஒரு வரி எழுதிவிட்டால் வாசகர்கள் மன்னித்துவிடுவார்கள் என்றும் அதில் கூறப்பட்டிருந்தது. பழங்கதைகள் எல்லாம் இப்படித்தான் செய்திருக்கின்றன என்பது அதற்குச் சொல்லப்பட்ட ஆதாரம்.

முப்பத்தோராண்டுகள் தமிழாசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். வகுப்பில் பாடம் முடிந்து மீதமிருந்த பத்து நிமிடங்களில் எல்லா நாட்டு மாயக் கதைகளையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் எனக்குத் தெரிந்தவரை, காலத்தைக் கடந்து நின்ற கதைகளில் பல, கட்டுரை சொல்வதற்கு நேர்மாறானதைச் செய்திருக்கின்றன. அவற்றில் ரகசியம் இருக்கும். ஆனால் ரகசியம் ஒன்று இருக்கிறது என்பது திருமணத்துக்கு முன்பே துணைக்குத் தெரிந்திருக்கும். ‘இதை மட்டும் என்னிடம் கேட்காதே’ என்று சொல்லி வாக்கு வாங்கிக்கொண்டு மறைப்பது ஒன்று. மறைப்பதற்கு ஏதும் இருப்பதாகவே காட்டிக்கொள்ளாமல் ஒருவரோடு ஒரே இலையில் உண்டு வாழ்வது வேறொன்று. இரண்டையும் ஒன்றாகப் பாவித்துவிட்டதுதான் கட்டுரையின் பிழை என்று கருதுகிறேன்.

பிரான்ஸ் நாட்டின் மெலுசீன் கதையை எடுத்துக்கொள்கிறேன். 1390-களில் பெர்ரி கோமகனுக்காக ழான் தராஸ் என்பவர் உரைநடையில் எழுதிக் கொடுத்த கதை அது. காட்டில் வேட்டைக்குப் போன ரேமோந்தன் என்ற இளைஞன், பாய்ந்து வந்த பன்றியைக் குத்த முயன்றபோது குறி தவறித் தன்னை வளர்த்த மாமனையே கொன்றுவிடுகிறான். நடுங்கிப்போய் இரவில் அலைபவன் ஒரு நீரூற்றின் அருகே மெலுசீனைக் காண்கிறான். அவன் வாய் திறக்கும் முன்பே அவன் செய்ததெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதிலிருந்து தப்பும் வழியைச் சொல்லி, அவனை மணக்கவும் சம்மதித்து, ஒரே ஒரு நிபந்தனை வைக்கிறாள்: சனிக்கிழமைகளில் அவன் அவளைப் பார்க்கக் கூடாது, எங்கே இருக்கிறாள் என்று விசாரிக்கவும் கூடாது. அவன் உறுதி கூறிய பிறகே திருமணம் நடக்கிறது. அவனுடைய ரகசியத்தை அவள் காக்கிறாள், அவளுடைய ரகசியத்தை அவன் காக்க வேண்டும் என்ற கணக்கு அந்த நீரூற்றங்கரையிலேயே முடிவாகிவிடுகிறது என்பதைக் கவனிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அவளுடைய ரகசியமோ அவள் தாய்வீட்டிலிருந்து வந்தது. தாய் பிரெசீன் ஒரு தேவதைப் பெண். ஸ்காட்லாந்து மன்னன் எலினாஸை மணந்தபோது, தன் பிரசவ அறைக்குள் வரக் கூடாது என்று அவளும் வாக்கு வாங்கியிருந்தாள். அவன் அதை மீறி நுழைந்துவிடவே, பிறந்த மூன்று பெண் குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு அவள் போய்விட்டாள். வளர்ந்து உண்மை அறிந்த மூத்தவள் மெலுசீன், தங்கைகளையும் சேர்த்துக்கொண்டு தந்தையை ஒரு மலைக்குள் சிறை வைக்கிறாள். தாய் மகிழவில்லை. கணவன்மேல் அவளுக்கு இன்னும் அன்பு இருந்தது. அந்தக் கோபத்தில் அவள் மகளுக்கு இட்ட சாபம்தான் சனிக்கிழமைதோறும் இடுப்புக்குக் கீழே பாம்பாக மாறுவது. ஆகவே மெலுசீன் மறைப்பது தன் உடலின் கோலத்தை மட்டுமன்று. தாயும் தந்தையும் பிரிந்த கதையையும், தந்தைக்குத் தான் இழைத்த கொடுமையையும் சேர்த்தே அந்தக் கதவுக்குப் பின்னால் பூட்டி வைக்கிறாள். தாய்வீட்டுத் துயரம் ஒன்று மகளின் இல்லறத்துக்குள் எப்படி நுழைகிறது என்பதை இதைவிட நுட்பமாகச் சொன்ன மாயக் கதையை நான் படித்ததில்லை.

பல ஆண்டுகள் கழித்து ரேமோந்தனின் சகோதரன் வந்து, ‘உன் மனைவி சனிக்கிழமை எங்கே போகிறாள் என்று ஊரே பேசுகிறது’ என்று அவன் காதில் நஞ்சை ஊற்றுகிறான். ரேமோந்தன் வாளின் முனையால் கதவைத் துளைத்து எட்டிப் பார்க்கிறான். உள்ளே பெரிய குளியல் தொட்டியில் அவள் தலை வாரிக்கொண்டிருக்கிறாள். பாம்பின் வால் நீரில் அடித்துக்கொண்டிருக்கிறது. அடுத்து அவன் செய்வதுதான் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடும். மெழுகை எடுத்து அந்தத் துளையை அடைக்கிறான். வேறு எவர் கண்ணும் அதன் வழியே போகக் கூடாது என்று நினைக்கிறான். சகோதரனை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். அவன் பார்த்துவிட்டான் என்பது மெலுசீனுக்குத் தெரியும். எவரிடமும் அவன் சொல்லவில்லை என்பதற்காகத் தெரியாதவள் போலவே இருந்து அவனோடு வாழ்கிறாள். குடும்பம் உடைவது அன்று இல்லை, பின்னொரு நாளில். அவர்கள் மகன்களில் ஒருவன் ஒரு மடாலயத்துக்குத் தீ வைத்து, அங்கே துறவியாக இருந்த தன் தம்பியையே கொன்றுவிட்ட செய்தி வருகிறது. துக்கமும் ஆத்திரமும் மீறிப் பலர் முன்னிலையில் ரேமோந்தன் அவளைப் பாம்பு என்று ஏசிவிடுகிறான். அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் அவள் சன்னல் வழியே சிறகு முளைத்த நாகமாகப் பறந்து போகிறாள். கைக்குழந்தைகளுக்குப் பால் கொடுக்க இரவில் மட்டும் வந்து போகிறாள். பெர்ரி கோமகனுக்காக ஓவியம் தீட்டப்பட்ட புகழ்பெற்ற பிரார்த்தனை ஏட்டில், மார்ச் மாதப் பக்கத்தில், மெலுசீன் கட்டியதாகக் கதை சொல்லும் லூசிஞான் கோட்டையின் கோபுரத்துக்கு மேலே பொன்னிறமாக ஒரு பறக்கும் நாகம் இருக்கிறது. அது மெலுசீன்தான்.

கட்டுரையாளர் சொல்லும் அந்தப் ‘பிந்தி உடையும் உண்மை’ இங்கே எங்கே இருக்கிறது? கதையின் விசை முழுவதும், தெரிந்துகொண்டதை ஒருவன் எப்படித் தாங்குகிறான் என்பதில் இருக்கிறது. தெரியவந்தும் குலையாத இல்லறம், பலர் முன்னிலையில் விழுந்த ஒரு சொல்லில் குலைகிறது.

அந்தத் தம்பதியருக்குப் பத்து மகன்கள். ஒருவனுக்கு வாயைவிட்டு வெளியே நீண்ட பெரிய பல், இன்னொருவன் கன்னத்தில் சிங்கத்தின் பாதம் போன்ற அடையாளம், வேறொருவனுக்கு மூன்று கண்கள். தாய் மறைத்தது பிள்ளைகளின் முகங்களில் எழுதியிருந்தது. இந்த இடத்தில் என் சொந்த வாழ்க்கையிலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் மூத்த மகளுக்கு மூன்று வயதாக இருந்தபோது ஒரு நாள் விடியற்காலையில் வலிப்பு வந்தது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம். ‘குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா?’ என்று மருத்துவர் கேட்டார். இல்லை என்று நான் உறுதியாகச் சொன்னேன். பக்கத்தில் நின்றிருந்த என் கணவர் குழந்தையின் காலணியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். மருத்துவர் இரண்டாம் முறை கேட்டபோதுதான், தன் சித்தப்பாவுக்குச் சிறு வயது முதல் வலிப்பு உண்டு என்று சொன்னார். அந்தச் சின்ன மாமனார் எங்கள் கூட்டுக் குடும்பத்தில்தான் இருந்தார். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அவர் விழுங்கும் மாத்திரையை எத்தனையோ நாள் நானே எடுத்துத் தண்ணீரோடு கொடுத்திருக்கிறேன். தூக்கத்துக்கான மாத்திரை என்றே எனக்குச் சொல்லியிருந்தார்கள். மருமகளுக்குத் தெரிந்தால் அவள் பிறந்த வீட்டுக்குத் தெரியும், நாத்தனாருக்கு வரன் அமையாது என்று மாமியார் எல்லார் வாயையும் கட்டியிருந்தார். என் மகள் நலமாகிவிட்டாள். இன்று அவளுக்கே குழந்தைகள் இருக்கிறார்கள். என் கணவர் நல்லவர். அதில் எனக்கு எந்த நாளும் ஐயம் இருந்ததில்லை. ஆனால் மருத்துவர் முன்னால், என் குழந்தையைப் பற்றிய கேள்விக்கு நான் தவறான பதில் சொன்ன அந்த நொடியை மன்னிப்பு என்ற ஒரு சொல்லால் என்னால் மூடிவிட முடியவில்லை. அன்பினால் மறைத்தார் என்று ஒரு வரி போதும் என எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்கு அந்தக் காலணிதான் நினைவுக்கு வந்தது.

நம் பாரதத்திலும் இந்த வேறுபாடு தெளிவாகவே இருக்கிறது. கங்கை சந்தனு மன்னனை மணக்கும்போது, தான் என்ன செய்தாலும் தடுக்கவோ கடிந்து பேசவோ கூடாது என்று முன்கூட்டியே சொல்கிறாள். ஏழு குழந்தைகளை ஆற்றில் விடும்வரை அவன் பொறுத்திருந்து எட்டாவது குழந்தைக்காக வாய் திறக்கிறான். அவள் வசுக்களின் சாபத்தைச் சொல்லிவிட்டுப் பிரிகிறாள். நிபந்தனை, மீறல், பிரிவு என்ற அந்த வரிசையைப் பிள்ளைகள்கூட உடனே புரிந்துகொள்வார்கள். குந்தியின் கதை அப்படிப்பட்டதன்று. பாண்டுவுக்குப் பிள்ளை வேண்டும் என்ற நிலை வரும்போது துர்வாசர் தந்த மந்திரத்தைப் பற்றிச் சொல்பவள், கன்னிப் பருவத்தில் ஒரு முறை அதைச் சொல்லிப் பார்த்ததையும், பெற்ற குழந்தையை ஆற்றில் விட்டதையும் சொல்வதில்லை. மந்திரம் என்ற பாதி உண்மையைக் கொடுத்ததாலேயே மறுபாதி இருப்பதாகப் பாண்டு சந்தேகிக்கவும் வழியில்லாமல் போகிறது. கணவன் தெரியாமலே இறக்கிறான். பிள்ளைகள் போர் முடிந்து நீர்க்கடன் செலுத்தும்போதுதான் தாங்கள் கொன்றது அண்ணனை என்று அறிகிறார்கள். தருமன் அந்த ஆற்றாமையில் பெண்குலத்தையே சபிக்கிறான். குந்தியை நான் குற்றவாளியாக்கவில்லை. அவளுடைய அச்சம் எவ்வளவு பெரியது என்பதைப் பாரதம் மறைக்கவில்லை. அந்த அச்சத்தின் விலையை யார் யார் கொடுத்தார்கள் என்பதையும் அது ஒருவர் விடாமல் எழுதி வைத்திருக்கிறது.

விலை கொடுத்தவர்களில் ஒருத்தியை நம் கூத்துக் கலைஞர்கள் தேடிப் பிடித்து மேடையேற்றியிருக்கிறார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. வட தமிழ்நாட்டில் விடிய விடிய ஆடப்படும் ‘கர்ண மோட்சம்’ கூத்தில் வரும் கர்ணன் மனைவி பொன்னுருவியைச் சொல்கிறேன். தேரோட்டி வீட்டுப் பிள்ளை என்று கணவனை இழிவாக எண்ணி அண்டவிடாதவள் அவள். தன் பிறப்பைக் கண்ணன் வாயிலாகவும் குந்தி வாயிலாகவும் கர்ணன் அறிந்துகொண்டபோதும், போருக்குப் புறப்படும்வரை அதை அவன் மனைவியிடம்கூட வெளியிடுவதில்லை. தருமனுக்குத் தெரிந்தால் அரசை ஏற்க மாட்டான், ஆகவே சொல்லாதே என்று கண்ணனிடமே கேட்டுக்கொண்டவன் அவன். கட்டுரையாளர் கவனிக்கத் தவறிய இன்னொரு கேள்வி இங்கே இருக்கிறது: இது யாருடைய ரகசியம்? கர்ணனுடைய பிறப்பு கர்ணனுக்கு மட்டும் உரியதா? சொன்னால் தாயின் மானம் போகும். சொல்லாவிட்டால் மனைவி தன்னை மதியாத வாழ்க்கையை அவன் தாங்க வேண்டும். அவளோ அறியாமல் பேசிய பேச்சுக்கெல்லாம் பின்னால் அழ வேண்டும். ஒரு குடும்ப ரகசியத்துக்குப் பல சொந்தக்காரர்கள் இருப்பார்கள் என்பதையும், ஒருவர் தன் பங்கை மட்டும் பிய்த்து எடுத்துத் துணையிடம் கொடுத்துவிட முடியாது என்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன். என் கணவர் நிலையும் ஏறக்குறைய அதுவாகத்தான் இருந்திருக்கும். அந்த இக்கட்டை எழுதுங்கள் என்றுதான் இளைஞர்களிடம் சொல்கிறேன். சொல்லவும் முடியாமல் சொல்லாதிருக்கவும் முடியாமல் ஒருவர் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் இரவை எழுதினால், மாய மோதிரமும் பறக்கும் குதிரையும் இல்லாமலே வாசகர் பக்கத்தைப் புரட்டுவார்.

மறைப்பவர் எப்போதும் மாய உலகத்திலிருந்து வந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஸ்காட்லாந்தின் வடக்கே ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுகளில் வழங்கும் கதைகளில், கடல்நாய்த் தோலைக் கழற்றி வைத்துவிட்டுக் கரையில் இருக்கும் பெண்ணின் தோலை மனிதன் ஒருவன் திருடி ஒளித்துவைத்து, அவளை மனைவியாக்கிக்கொள்கிறான். அவள் யார் என்பது இருவருக்கும் தெரியும். தோல் இருக்கும் இடம்தான் ரகசியம். பெரும்பாலும் குழந்தைகளில் ஒன்று அதைக் கண்டெடுக்கிறது. இந்தக் கதையை இன்று எழுதுபவர்கள் பலர் அந்தப் பெண்ணின் பிரிவை மட்டும் சோகமாக எழுதிவிட்டு, பரணில் தோலை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அவளோடு படுத்தெழுந்தவனை நல்ல கணவனாகவே காட்டிவிடுகிறார்கள். அது எனக்கு உடன்பாடில்லை.

திருப்பம் என்ற ஒன்றுக்காக ரகசியத்தைக் கையாளும்போது, தெரியாமல் இருக்கும் துணை ஒரு பொம்மையாகிவிடுகிறார். அண்மையில் மாணவி ஒருத்தி தான் எழுதிய நாவலின் கைப்பிரதியை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். நன்றாக எழுதக்கூடிய பெண். அதில் கதாநாயகி நாகலோகத்து இளவரசி, கணவனுக்குத் தெரியாது. பதினாறு அத்தியாயங்கள் அவன் அவளோடு வாழ்கிறான். அவள் அமாவாசைதோறும் எங்கே போகிறாள் என்று ஒரு நாளும் கேட்பதில்லை; ஈரப் புடவையோடு திரும்பி வருகிறவளைப் பார்த்து எதையும் நினைப்பதில்லை. இறுதியில் உண்மை உடைகிறது. ஒரே பக்கத்தில் மன்னித்துவிடுகிறான். ‘அம்மா, அவன் அவ்வளவு நல்லவன்’ என்றாள் என்னிடம். நல்லவனாக இருப்பதற்கு முதலில் அவன் ஓர் ஆளாக இருக்க வேண்டும் என்று சொன்னேன். ஈரப் புடவையை அவன் கொடியில் உலர்த்துவதாக ஓர் அத்தியாயம் எழுதிப் பார் என்றும் சொன்னேன். அவன் அதை உதறும்போது ஆற்று மணலுக்குப் பதில் வேறேதோ உதிரட்டும், அவன் அதைப் பெருக்கித் தள்ளிவிட்டுப் பேசாமல் இருக்கட்டும் என்றேன். அடுத்த மாதம் அவள் திருத்திக் கொண்டுவந்தபோது, கணவன் பாத்திரம் கதையின் பாதியைத் தன் கையில் எடுத்துக்கொண்டிருந்தது. இப்போது அவளுடைய நாவலில் அவனுக்கும் ஒரு ரகசியம் இருக்கிறது: தெரியும் என்பதே அவனுடைய ரகசியம். மெலுசீன் கதையை நான் அவளுக்கு அதுவரை சொல்லியிருக்கவில்லை.

கட்டுரையாளரின் உழைப்பைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. கதைக்குப் பெயர் சூட்டுவது, மாய உலகத்துக்கான விதிகளை முதலிலேயே வகுத்துக்கொள்வது பற்றியெல்லாம் அவர் கூறியவை பயனுள்ளவை. மாய உலகத்தின் விதிகளில் இவ்வளவு கண்டிப்பாக இருப்பவர், கணவன் மனைவிக்கு இடையிலான விதியை மட்டும் ஒரு வரி மன்னிப்பில் தளர்த்திவிட்டாரே என்பதுதான் என் வருத்தம்.

ஒன்பது வயதில் என் தாய்மாமன் தோளில் உட்கார்ந்து முதன்முதலாகக் ‘கர்ண மோட்சம்’ பார்த்தேன். முகவீணையும் மத்தளமும் ஓய்ந்து, போருக்குப் புறப்படும் முன் விடைபெற வந்த கர்ணன் பொன்னுருவியிடம் தன் பிறப்பைச் சொன்ன இடத்தில், அதுவரை வெற்றிலை மென்றுகொண்டும் தூங்கிக்கொண்டும் இருந்த பெண்கள் எல்லாரும் எழுந்து உட்கார்ந்தார்கள். பெண் வேடம் கட்டியிருந்த அந்தக் கலைஞர் அழவில்லை. கர்ணனின் தோளணியான புஜகீர்த்தியில் அவிழ்ந்திருந்த ஒரு முடிச்சை மெல்ல இழுத்துக் கட்டினார். அதுவரை அவனைத் தொடாதிருந்த கை அது. என் அருகே இருந்த பாட்டி ஒருத்தி, ‘முன்னாலேயே சொல்லக் கூடாதா, பாவி’ என்று சொன்னார். அவர் கர்ணனைச் சொன்னாரா, குந்தியைச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கட்டுரையின் இரண்டாம் பகுதி வரும் ஞாயிறு வெளிவரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் மெலுசீன் கதையையும் பொன்னுருவி விடைகொடுக்கும் காட்சியையும் இளம் எழுத்தாளர்களுக்கு எடுத்துச் சொல்லுமாறு தங்களையும் கட்டுரையாளரையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழை நெடுங்காலமாகப் படித்து வரும்
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
திருவண்ணாமலை மாவட்டம்.